பழைய ஷாட்கன்னுக்கு ஸ்பேர் தேடுகிறவர்களுக்கு

தாத்தா வாத்து வேட்டைக்கு எடுத்துப்போன ஷாட்கன் பேரன் கைக்கு வந்து சேர்வது அமெரிக்கக் கிராமங்களில் சாதாரண விஷயம். எண்ணெய் பூசித் துணி சுற்றிப் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். என்றாவது வெளியே எடுத்துப் பார்த்தால் தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்திருக்கும்; அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்; அல்லது சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்துப் போடும் கொக்கியின் முனை மழுங்கியிருக்கும். குழலில் பொறித்திருக்கும் பெயரைச் சொல்லிக் கடைகடையாக விசாரிப்பார்கள். ‘அந்தக் கம்பெனியே இப்போது இல்லையே’ என்று பதில் வரும். அத்தோடு பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பல நேரங்களில் அந்தப் பாகம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கத்தான் செய்கிறது. தேடுகிற பெயர்தான் தவறு.

இதற்குக் காரணம், சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் துப்பாக்கி விற்ற விதம். சியர்ஸ், மாண்ட்கோமரி வார்டு, வெஸ்டர்ன் ஆட்டோ போன்ற பெரிய கடைகள் சைக்கிள், அடுப்பு, தையல் இயந்திரத்தோடு ஷாட்கன்னும் விற்றன. ஆனால் இந்தத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் அவை தயாரிக்கவில்லை. தொழிற்சாலைகளிடம் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. சியர்ஸின் ‘ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20’ பம்ப் துப்பாக்கியைச் செய்தது ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம். பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரில் சியர்ஸ் விற்ற மாடல் 200, உள்ளே வின்செஸ்டர் 1200. மாண்ட்கோமரி வார்டின் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு 550’, வெஸ்டர்ன் ஆட்டோவின் ‘ரெவலேஷன் 310’ இரண்டும் மாஸ்பெர்க் 500-இன் மறுபெயர்கள்.

ஆகவே கையில் இருப்பது ரெவலேஷன் 310 என்றால் கவலையே இல்லை. மாஸ்பெர்க் 500 இன்றும் தயாராகிறது. டெட் வில்லியம்ஸ் 200 வைத்திருப்பவர் வின்செஸ்டர் 1200 என்று கேட்டால் வழி பிறக்கும். ஜே.சி. ஹிக்கின்ஸ் 20 வைத்திருப்பவருக்குத்தான் சிரமம். விற்ற கடை 2018-இல் திவாலானது. செய்த ஹை ஸ்டாண்டர்டு 1984-லேயே மூடிவிட்டது. அப்போதும் ஹை ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு தேடுவதற்கும் சியர்ஸ் என்ற பெயரோடு தேடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

செய்தவர் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? சியர்ஸ் துப்பாக்கிகளில் மாடல் எண்ணுக்கு முன்னால் மூன்று இலக்கக் குறியீடு இருக்கும். 583 என்றால் ஹை ஸ்டாண்டர்டு, 273 என்றால் வின்செஸ்டர். மற்றக் கடைகளின் பெயர்களுக்கும் அசல் தயாரிப்பாளரைக் காட்டும் அட்டவணைகளை உதிரிபாக வியாபாரிகள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். வரிசை எண் மட்டும் எப்போதும் கைகொடுக்காது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை மலிவு விலை ஷாட்கன்கள் பலவற்றுக்கு வரிசை எண்ணே போடவில்லை. எண் இல்லாததைப் பார்த்து யாரோ சுரண்டிவிட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சுரண்டிய தடம் இல்லையென்றால் பயம் தேவையில்லை.

பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலை மூடும்போது அதன் கிடங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வியாபாரிகள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் நம்ரிச் நிறுவனம் 1950 முதல் வளர்ந்தது பெரிதும் இப்படித்தான். பழுதான துப்பாக்கிகளைப் பிரித்து விற்பது இன்னொரு வழி. தெற்கு டகோட்டாவின் ஜாக் ஃபர்ஸ்ட் போன்றவர்கள் பழைய பாகத்தை மாதிரியாக வைத்துப் புதிதாகவே செய்து தருகிறார்கள். புகழ்பெற்ற பெயர் இன்னும் கடையில் தெரிகிறது என்பதற்காக அங்கே பழைய ஸ்பேரும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடியது. ரெமிங்டன் 2020-இல் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது.

பெயர் தெரிந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது. ஒரே மாடலுக்குள்ளேயே காலத்துக்குக் காலம் மாற்றம் உண்டு. இத்தாக்கா 37 இதற்கு நல்ல உதாரணம். அதன் வரிசை எண் 855,000-ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு 37-இன் குழலை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் குழலும் உடலும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தப்பட்டவை. வேறு குழல் வேண்டுமென்றால் தேர்ந்தவர் கையால்தான் பொருத்த வேண்டும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5, பெல்ஜியத்தில் எஃப்.என். ஆலையிலும் பின்னர் ஜப்பானில் மிரோக்கு ஆலையிலும் உருவானது. அதே வடிவமைப்பை ரெமிங்டன் ‘மாடல் 11’ என்று அமெரிக்காவில் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஆனால் ஒன்றின் குழல் மற்றதில் உட்காராது.

ஆட்டோ-5 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீண் செலவு அதிகம் நடப்பது இதில்தான். சுடும்போது அதன் குழலே பின்னால் நகரும். அந்த வேகத்தை அடக்குவது, தோட்டாக் குழாயைச் சுற்றி இறுகும் வெண்கல உராய்வு வளையம். லேசான தோட்டாவுக்கு வளையங்களை ஒரு வரிசையிலும் கனமான தோட்டாவுக்கு வேறு வரிசையிலும் அடுக்க வேண்டும். வரிசை தவறினாலோ வளையம் தேய்ந்தாலோ அடி முழுவதும் முன்கட்டையில் இறங்கி மரம் வெடிக்கும். முன்கட்டையைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள், வளையத்தைக் கவனிப்பதில்லை, புதிய மரமும் பிளக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய 16 கேஜ் ஆட்டோ-5-களில் இன்னொரு சிக்கல். அவற்றில் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. இப்போது கடையில் கிடைப்பது 70 மில்லிமீட்டர். அதைப் போட்டுச் சுட்டால் கூடு வெளியே வராமல் சிக்கும், அழுத்தமும் கூடும். கொக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொக்கியை மாற்றிப் பயனில்லை. ஸ்பேர் தேடும் முன் உண்மையில் ஸ்பேர்தான் வேண்டுமா என்று ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எதை நாமே மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? கட்டையின் திருகு, குறிமணி, தோட்டாக் குழாயின் ஸ்பிரிங் போன்றவற்றை வாங்கிப் பொருத்துவதில் ஆபத்து இல்லை. போல்ட், பூட்டும் பகுதி, குழல் ஆகியவை வேறு வகை. மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி மிக நுண்ணிய அளவில் சரியாக இருக்க வேண்டும். அது கூடிவிட்டால் கூடு கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கிப் பாயலாம். வேறு துப்பாக்கியிலிருந்து கழற்றிய போல்ட் கச்சிதமாக மூடிக்கொள்கிறதே என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. அளவுக் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாகம் வாங்கும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரிசீவர் எனப்படும் உடல்பகுதிதான் துப்பாக்கியாகக் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் அங்கே ஊசியும் ஸ்பிரிங்கும் தபாலில் வருகின்றன. இந்தியாவில் அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமம் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் யாரும் வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை வரவழைத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே போக வேண்டும்.

பணம் அனுப்பும் முன் உடைந்த பாகத்தை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுங்கள். துப்பாக்கியில் உள்ள எல்லாப் பொறிப்புகளையும் எழுதி, செய்த நிறுவனத்தின் பெயரையும் தயாரித்த காலத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். புதிதாகச் செய்ய நேர்ந்தால் அதுதான் மாதிரி. இத்தனைக்குப் பிறகும் பூட்டும் பகுதிக்குச் சரியான பாகம் கிடைக்கவில்லை என்றால், அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள். நினைவுக்காக வீட்டில் இருக்கட்டும்.