நான் காணாத கோடை

 

செவிலிமேட்டில் பிறந்தவனுக்கும் ஜப்பானியப் பாட்டுக்கும் என்ன உறவு என்று வகுப்பு நண்பர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். கேள்வி நியாயமானதே. எனக்கு அம்மொழியில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாது. ஆயினும், கல்லூரிப் பேருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடக்கையில் மிகி மாட்சுபாராவின் குரலைக் கேட்டால், எதையோ இழந்துவிட்டதுபோல் நெஞ்சு கனக்கிறது.

1979-இல், தம் பத்தொன்பதாம் வயதில் அவர் பாடிய பாடல் அது. 2004-இல் அவர் மறைந்தார். 2020-இல் அதே பாடல் உலகெங்கும் இளைஞர்களின் காதுகளை எட்டியது. ‘சிட்டி பாப்’ எனப்படும் அவ்வகை இசையில் கடற்கரைச் சாலையும் காரும் நகரத்துக் கோடையும் திரும்பத் திரும்ப வரும். எயிச்சி ஓட்டாக்கி 1981-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே ‘நீண்ட விடுமுறை’ என்று பொருள்படும். அதன் அட்டையில் நீல நிற நீச்சல் குளம் உண்டு; மரங்கள் உண்டு; மனிதர் ஒருவர்கூட இல்லை!

அந்தப் படத்தை என் தாயாரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “யாரையும் காணோமே, இந்தக் குளத்தை யாருடா கழுவுவாங்க?” என்றார். அந்த ஒரு கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

என் தாயாரின் நீண்ட விடுமுறைகள் தறியடியில் கழிந்தவை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொருவர் துணை வேண்டும். 1991-ஆம் ஆண்டுக் கோடையில், பள்ளி அடைத்த மறுநாளே, தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்து அவர் கரை நாடாவைத் தள்ளினார். அவ்வாண்டு ஏப்ரலில் வந்த ‘சின்னத் தம்பி’ படப் பாடல்கள் தெருவெல்லாம் ஒலித்தன. அவற்றை இன்றும் முணுமுணுக்கிறார். “அந்தக் கோடை இனித்ததா அம்மா?” என்று கேட்டேன். “பாட்டு இனிச்சுது. முதுகு வலிச்சுது” என்றார்.

தோழர்களே, இதுவே என் கருத்து. பாட்டின் இனிமையைக் காலத்தின் இனிமை என்று நாம் மயங்கிவிடுகிறோம். ஜப்பானிலும் இதே கதைதான். அந்த இனிய பாடல்கள் ஒலித்த 1980-களில்தான், ஓயாத உழைப்பால் நேரும் சாவைக் குறிக்கும் ‘கரோஷி’ என்ற சொல்லும் அங்கே பரவியது. அந்தச் செழிப்பும் 1990-களின் தொடக்கத்தில் சரிந்தது. ஏக்கம் வலியை வடிகட்டிவிட்டு இசையை மட்டும் நமக்குத் தருகிறது.

அப்படியானால் கேட்கவே கூடாதா? கேட்கலாம். நான் இன்றும் கேட்கிறேன். பிறர் நாட்டுக் கோடைக்கு ஏங்கத் தெரிந்த நாம், நம் வீட்டுக் கோடையை ஒருமுறையேனும் கேட்டறிய வேண்டாமா? இந்த விடுமுறையில் உங்கள் பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் இளமையில் எந்தப் பாட்டு ஒலித்தது? அப்போது உங்கள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

முதற் கேள்விக்குச் சிரிப்பார்கள். இரண்டாவதற்குச் சற்று மௌனமாவார்கள். எங்கள் குடும்பத்தில் கோடை விடுமுறையைப் பாட்டுக் கேட்டே கழிக்கக் கிடைத்த முதல் ஆள் நான். அந்த விடுமுறையை எனக்கு நெய்து தந்தவை, அன்று கரை நாடாவைத் தள்ளிய சிறு கைகளே!

— இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்