ராத்திரி ஒரு மணிக்கு லைன்ல யாருங்க?

தீபாவளிக்கு முந்தின பதினஞ்சு நாளும் எங்க அப்பா கடை ஷட்டர் பாதிதான் இறங்கும். அப்பா தையல்காரர். மதுரை தெற்குவாசல் பக்கம் சின்னக் கடை. மத்த மாசமெல்லாம் ஒன்பது மணிக்கு சாத்திட்டு வர்றவர், அந்த நாட்கள்ல மட்டும் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் மெஷினை விட்டு எழுந்திரிக்க மாட்டார். காஜா எடுக்க ஒரு அண்ணன் வருவார், பட்டன் கட்ட நான். (எட்டாவது படிக்கும்போதே பட்டன் கட்டுறதுல நான் கில்லாடி. இப்போ பி.காம். மூணாம் வருஷம். இதுல அந்த அளவுக்கு கில்லாடி இல்லைங்கறது என் கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியும்.) எங்க மூணு பேரைத் தவிர நாலாவதா இன்னொரு ஆளும் கடையில உண்டு. துணி வெட்டுற மேஜைக்கு மேல, பலகையில உக்காந்திருக்கிற ரேடியோ.

பகல்ல அதை யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. அது பாட்டுக்கு ஓடும், அவ்வளவுதான். ஆனா பன்னெண்டு மணி தாண்டிட்டா அது வேற ரேடியோ. நகைக்கடை விளம்பரம் நின்னு போகும். பகல் முழுக்க மூச்சு விடாம கத்தின ஆளுங்க எல்லாம் போயிடுவாங்க. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு திண்ணையில சாஞ்சு உக்காந்த மாதிரி ஒரு குரல் வரும். "லைன்ல யாருங்க, இன்னும் தூங்காம?"னு கேக்கும்.

2016 தீபாவளி சமயம், திடீர்னு அப்பா அந்த நம்பருக்கு போன் போட்டார். ஏன் போட்டார்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுல நாள் பூரா பத்து வார்த்தை பேசாத மனுஷன். லைன் கிடைச்சிடுச்சு.

"தெற்குவாசல்ல இருந்து பேசறேன் தம்பி. டைலர்."

"அண்ணே! ஒரு டைலர் அவரா போன் பண்ணி நான் இப்பதாண்ணே பாக்குறேன். நான் கூப்பிட்டா ஒருத்தரும் எடுத்ததில்ல. என் பேன்ட் எங்கண்ணே?"

அப்பா சிரிச்சுட்டார். "உங்க பேன்ட் இங்க இல்ல தம்பி."

"எல்லா டைலரும் இதையேதான் சொல்றாங்க. காஜா மட்டும்தான் பாக்கிம்பாங்க. நாலு மாசமா காஜா மட்டும்தான் பாக்கி. அப்படி என்னதாண்ணே இருக்கு அந்தக் காஜாவுல?"

அவ்வளவுதான். அப்பா நாலு நிமிஷம் காஜாவைப் பத்தி பேசினார். கை காஜாவுக்கும் மெஷின் காஜாவுக்கும் என்ன வித்தியாசம், நூலை ஏன் இழுத்துப் பிடிக்கணும், எந்தத் துணியில பிசிறு தட்டும்னு எல்லாம். அந்த ஆள் குறுக்கே பேசவே இல்ல. நடுநடுவுல "ஓஹோ"ன்னார். கடைசியில "அண்ணே, இத்தனை நாளா நான் சும்மா சட்டை போட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன், அதுக்குள்ள இவ்வளவு இருக்கா"ன்னார். காஜா எடுக்குற அண்ணன் கையில ஊசியோட வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தார். தன் வேலையைப் பத்தி ரேடியோவுல பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதைத்தான் நான் நகைச்சுவைன்னு சொல்வேன். அந்த நாலு நிமிஷத்துல யார் மேல சிரிச்சோம்னு யோசிச்சுப் பாருங்க. பேன்ட் வராத ரேடியோக்காரர் மேலதான். போன் பண்ணினவரை உசரத்துல உக்கார வெச்சுட்டு, அவர் கீழ உக்காந்துக்கிட்டார். நல்ல ராத்திரி அறிவிப்பாளர்கள் எல்லாருமே இதைத்தான் செய்யறாங்கன்னு தோணுது. ஜோக் அடிக்கிறது அவங்க வேலையில பாதி கூட இல்ல. கேட்டுட்டு இருக்கிறவன்கிட்ட உள்ள ஜோக்கை வெளியில எடுக்கிறதுதான் பெரிய வேலை.

ஜப்பான்ல இதை ரொம்ப முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. அங்க 'ஆல் நைட் நிப்பான்'னு ஒரு நிகழ்ச்சி, 1967 அக்டோபர்ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு. ராத்திரி ஒரு மணிக்குத்தான் தொடக்கம். 1981ல இருந்து 1990 வரைக்கும் அதுல ஒரு நாள் பீட் தகேஷியோடது. (பின்னாடி டைரக்டராகி உலகப் புகழ் வாங்கின அதே தகேஷி கிடானோதான்.) போனை விட அங்க அந்தக் காலத்துல அஞ்சலட்டைதான் அதிகம். நேயர்கள் எழுதி அனுப்புற கிண்டலை நடத்துறவர் வாசிப்பார். வாராவாரம் தேறுற மாதிரி எழுதி அனுப்புறவங்களுக்கு அந்த ஊர்ல ஒரு பட்டப்பேரே உண்டு: 'ஹகாகி ஷொகுனின்'. அஞ்சலட்டைக் கைவினைஞர்னு சொல்லலாம். தச்சர், கொத்தனாருக்கெல்லாம் சொல்ற அதே 'ஷொகுனின்'தான். அப்படி எழுதிப் பழகி, வானொலிக்கும் டிவிக்கும் எழுதறதையே தொழிலாக்கிக்கிட்டவங்களும் இருக்காங்க.

அமெரிக்காவுல ஆர்ட் பெல்னு ஒருத்தர் இருந்தார், 2018ல இறந்துட்டார். நெவாடா பாலைவனத்துல பாரம்ப்ங்கற ஊர்ல தன் வீட்டுல உக்காந்து 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.' நடத்தினவர். வர்ற போனை முன்கூட்டி யாரும் விசாரிச்சு வடிகட்ட மாட்டாங்க, யார் கூப்பிட்டாலும் நேரா காத்துலதான். 1997 செப்டம்பர்ல ஒரு ஆள் அழுதுக்கிட்டே கூப்பிட்டு, ரகசிய ராணுவத் தளத்துல வேலை பாத்தேன், துரத்துறாங்கன்னு பேசிட்டு இருக்கும்போதே செயற்கைக்கோள் இணைப்பு அறுந்து, நிகழ்ச்சி அரை மணி நேரம் போல நின்னு போச்சாம். கேட்டுட்டு இருந்தவங்க கதி என்ன ஆகியிருக்கும்! நடிப்புதான்னு ஒருத்தர் அடுத்த வருஷம் கூப்பிட்டுச் சொன்னார். ஆர்ட் பெல் இதுக்கெல்லாம் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பறக்கும் தட்டுல போய் வந்தேன்னு சொன்னா, எப்படி இருந்துச்சுன்னு கேட்பார்.

ஆனா அவரோடதுக்கும் எங்க கடை ரேடியோவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அது மீடியம் வேவ். பகல்ல அந்த அலைகளை உறிஞ்சிடுற ஒரு அடுக்கு வானத்துல உண்டு. சூரியன் மறைஞ்சா அந்த அடுக்கு கரைஞ்சிடும். அதனால அலை இன்னும் மேல போய் பட்டுத் திரும்பி, நூத்துக்கணக்கான மைல் தாண்டிப் போய் விழும். எஃப்.எம். அப்படி இல்ல, நேர்கோட்டுல போறது, பக்கத்து மாவட்டம் வந்தாலே கரகரன்னு ஆயிடும். இதைக் குறையா சொல்வாங்க. எனக்கு இதுதான் ராத்திரி எஃப்.எம்.மோட அழகே. 'மாட்டுத்தாவணியில பூ இறக்கிட்டு இருக்கேண்ணே'ன்னு ஒருத்தர் சொன்னா, கேக்குற அத்தனை பேருக்கும் அந்த வாசனை தெரியும். சிம்மக்கல் டீக்கடையைக் கிண்டல் பண்ணினா அந்தக் கடைக்காரரே அடுத்த போன்ல வருவார். தூங்கா நகரம்னு பேர் வாங்கின ஊர், ராத்திரி வேலை பாக்குறவங்களுக்குப் பஞ்சமா?

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஊர் தனியார் எஃப்.எம். எதுவும் சொந்தமா செய்தி சொல்லக் கூடாது. 2001ல பெங்களூர்ல முதல் தனியார் நிலையம் வந்த காலத்துல இருந்து இதான் சட்டம். பிற்பாடு ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மட்டும் ஒரு எழுத்து மாத்தாம போட்டுக்கலாம்னு விட்டாங்க. இந்தச் சட்டம் சரியில்லைன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா பக்க விளைவா ஒரு நல்லது நடந்துச்சு. அரசியல் கிடையாது, செய்தி கிடையாதுன்னா ராத்திரி மூணு மணி நேரம் எதைத்தான் பேசறது? மாமியார், பரோட்டா, வராத பேன்ட்... இதைத்தான் பேசணும். அமெரிக்காவுல 1987ல ரெண்டு தரப்பையும் சொல்லணும்ங்கற விதியை எடுத்ததும் போன்-இன் ரேடியோவுல அரசியல் சண்டை பெருகிப் போச்சு. நமக்கு காஜா கிடைச்சுது.

இப்ப கசப்பான விஷயத்துக்கு வரேன்.

2018. மறுபடியும் தீபாவளிக்கு முன்னாடி. இது பகல் நிகழ்ச்சி, எந்த நிலையம்னு வேணாம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் விளையாட்டா அப்பா நம்பரைக் குடுத்துட்டான். கூப்பிட்ட ஆள் பேங்க்ல இருந்து பேசறதா சொன்னார். மெஷின் லோன் மூணு தவணை பாக்கி, நாளைக்கு வந்து மெஷினைத் தூக்கப் போறோம்னார். மூணு இல்ல, ரெண்டு தவணை நிஜமாவே பாக்கி இருந்துச்சு. அது அந்தப் பையனுக்கும் தெரியாது, ரேடியோக்காரருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"சார், தீபாவளி முடியட்டும் சார். கைல காசு வந்துரும் சார்."

அப்புறம் சிரிப்பு சத்தம். ஏமாந்துட்டீங்களாண்ணே, போட்டுக்கலாமான்னு கேட்டாங்க. அப்பாவும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டார். வேற என்ன சொல்வார்? அது ஒலிபரப்பானப்போ நான் எண்ணிக்கிட்டே கேட்டேன். பன்னெண்டு தடவை 'சார்'. ராத்திரிக்காரர்கிட்ட 'தம்பி'ன்னு பேசின அதே மனுஷன்.

ரெண்டு பேரும் நகைச்சுவை அறிவிப்பாளர்கள்தான். ரெண்டுக்கும் தேவை ஒரு போன், ஒரு மைக்குதான். சும்மா ஜாலிக்குத்தானேப்பா, இதுக்குப் போய்னு என் நண்பர்களே சொல்றாங்க. 2012 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல '2டே எஃப்.எம்.' ஆளுங்க ரெண்டு பேரும் ஜாலிக்குத்தான் பண்ணினாங்க. ராணி மாதிரியும் இளவரசர் சார்லஸ் மாதிரியும் குரலை மாத்தி, கேட் சேர்ந்திருந்த லண்டன் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாங்க. அதை நம்பி இணைப்பு குடுத்த நர்ஸ் மூணு நாள்ல தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு குழந்தைக்குத் தாய். அதை ஒலிபரப்பினது சரியாங்கற வழக்கு 2015ல அந்த நாட்டோட உச்சபட்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. எல்லா பிராங்க் காலும் அங்க போய் முடியாதுதான். ஆனா எதிர்முனையில இருக்கிறவர் அன்னிக்கு என்ன நிலைமையில இருக்கார்னு தெரியாமயே விளையாடுறதுதான் அந்த ஆட்டத்தோட அடிப்படை. ராத்திரி போன்ல அந்தப் பிரச்னை இல்ல. கூப்பிடுறது நேயர். அவருக்குத் தோணும்போது வெச்சுடலாம்.

ராத்திரி ஆளுங்க எல்லாம் உத்தமர்னும் சொல்லல. பொண்ணுங்க கூப்பிட்டா மட்டும் 'உங்க குரல் ரொம்ப ஸ்வீட்'னு வழியுற ஆட்களையும் கேட்டிருக்கேன். காதல் தோல்விக்கு அட்வைஸ் சொல்றேன்னு அறுக்கிற கோஷ்டி தனி. அதையெல்லாம் தாங்கிக்கலாம்.

தாங்க முடியாதது, இந்த நேரலையே குறைஞ்சுட்டு வர்றதுதான். காரணம் எங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. விளம்பர நேரம்ங்கறது தக்காளி மாதிரி, அன்னிக்கு விக்கலைன்னா அழுகிடும். ராத்திரி ஒரு மணிக்கு வாங்க ஆளில்ல. விக்காத நேரம்ங்கறதாலதான் காஜாவுக்கு நாலு நிமிஷம் கிடைச்சுது, சாயங்காலம் ஆறு மணின்னா நாப்பது செகண்ட்ல வெட்டியிருப்பாங்க. ஆனா அதே கணக்கு இப்படியும் சொல்லும்: வருமானம் இல்லாத நேரத்துக்கு ஒரு ஆளும் சம்பளமும் எதுக்கு? முன்னாடியே பேசிப் பதிவு பண்ணி வெச்சுட்டா, கம்ப்யூட்டர் விடிய விடிய ஓட்டிட்டுப் போகுது. கணக்குல தப்பே இல்ல. பரீட்சையில வந்தா நானும் அப்படித்தான் எழுதணும்.

போன்ல எஃப்.எம். வேணும்னு 2023ல மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்புச்சு. எஃப்.எம். இருந்து என்ன, அந்தப் பக்கம் ஆள் முழிச்சிருக்கணுமே?

2018க்கு அப்புறம் ரொம்ப நாள் அப்பா கடையில ரேடியோ போடல. கெட்டுப் போச்சுன்னார். கெடல, எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நான்தான் போட்டு விட்டேன். ரெடிமேட் வந்து ஆர்டர் குறைஞ்சதால ஒரு மணி வரைக்கும்தான் வேலை. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இப்ப போன் போட்டா எடுப்பாங்களாடா?"ன்னார்.

"இது ரெக்கார்டுப்பா."

"ஓ. சரி, ஓடட்டும்."

அடுத்த பாட்டு முடிஞ்சதும் அந்தக் குரல் "என்ன பண்ணிட்டு இருக்கீங்க இந்நேரத்துல?"ன்னு கேட்டுச்சு. அப்பா வாயில நூலைக் கடிச்சுக்கிட்டே, மெஷின்ல இருந்து தலையைத் தூக்காம, "காஜா"ன்னார்.