முன்பாய்க்கு எந்த ரோலர்?

முன்பாயை முழுதாகச் சுருட்டி வைப்பது ஃபர்லிங். காற்று கூடும்போது கொஞ்சம் சுருட்டி, மிச்சப் பாயோடு ஓடுவது ரீஃபிங். இரண்டும் ஒன்றல்ல. விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

தூரக் கடலுக்குப் போகிறவர் ரீஃபிங்குக்கென்றே செய்ததை வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் பாயின் முன்விளிம்பு முழுநீள அலுமினியக் குழாயில் கோர்த்திருக்கும்; பாதி சுருட்டிய பாயின் இழுவையை அது தாங்கும்.

பொருத்தும்போதும் கவனம் வேண்டும். பாய் ஏற்றும் கயிறு மேலே முன்கம்பியோடு ஒட்டி நின்றால், அதிலேயே சுற்றி இறுகிவிடும். பிறகு பாய் சுருளவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. பாய்மரப் பக்கம் கயிறு சற்று விலகி நிற்க வேண்டும்.

மூன்றிலொரு பங்குக்கு மேல் சுருட்டினால் நல்ல பாயும் தொப்பை போடும். புயற்காற்றுக்குத் தனிச் சிறுபாய் வையுங்கள்.

ராத்திரியில், ஆடுகிற அணியத்துக்கு ஆளை அனுப்பாமலிருக்கத்தானே இந்தக் கருவி? அதிலேயா காசு மிச்சம் பிடிப்பது?