சொல் வந்த வழி: 'செக்'

'செக்' என்னும் ஆங்கிலச் சொல் நம் அன்றாடப் பேச்சில் எத்தனை வேடம் புனைகின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வங்கியில் கொடுப்பது செக். எல்லையில் வண்டியை நிறுத்துமிடம் செக் போஸ்ட். கணக்கைச் சரிபார்த்தால் செக் செய்தோம் என்கிறோம். மருத்துவரிடம் செல்வது செக்கப். கட்டம் போட்ட துணியும் செக்; சதுரங்கத்தில் அரசனுக்கு வைப்பதும் செக். ஒன்றோடொன்று ஒட்டாதனபோல் தோன்றும் இவை அனைத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே!

அந்தத் தாய், அரசன் எனப் பொருள்படும் 'ஷா' என்னும் பாரசீகச் சொல். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. எதிரியின் அரசனைத் தாக்கும்போது "ஷா!" என எச்சரிப்பது ஆட்ட மரபு. அரபு மக்கள் வழியே ஆட்டம் ஐரோப்பாவுக்குச் சென்றபோது சொல்லும் உடன் சென்றது. பழைய பிரெஞ்சு மொழியில் 'எஷெக்' எனத் திரிந்து, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. 'செஸ்' என்பதும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததே. 'ஷா மாத்' என்பதே 'செக்மேட்' ஆனது.

செக் வைக்கப்பட்டவன் தன் விருப்பம்போல் காய் நகர்த்த இயலாது. ஆகவே அச்சொல்லுக்குத் தடை என்னும் பொருள் வந்தது. தடுத்து நிறுத்திச் சரிபார்த்தல் என அது மேலும் விரிந்தது.

பலகையின் கட்டங்களோ வேறு வழியில் சென்றன. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சதுரங்கப் பலகைபோல் கட்டமிட்ட துணியை மேசைமீது விரித்து, அதில் காய்களை வைத்து அரசாங்க வரவைக் கணக்கிட்டனர். அதனால் அக்கருவூலத்திற்கு 'எக்ஸ்செக்கர்' எனப் பெயராயிற்று. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியைச் 'செக்' என்னும்போது, நாமும் பாரசீக அரசனையே அழைக்கின்றோம்!

இனி, வங்கிச் செக். 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க அடித்தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பணச் சீட்டுக்கு இப்பெயர் வழங்கிற்று. பின்னர் எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் அதன் எழுத்து மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்தையே விடாது வைத்துள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வங்கிச் செக், 'ஸக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே வந்தது என நம்மிடையே பலர் பெருமையுடன் கூறுவர். முஸ்லிம் வணிகர்கள் ஸக் எழுதியது வரலாற்று உண்மை. 42,000 தீனாருக்கான ஸக் ஒன்றை ஆப்பிரிக்காவில் கண்டதாக 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் எழுதியுள்ளார். ஆயினும் அச்சொல்லுக்கும் ஆங்கிலச் செக்குக்கும் இடையே உறுதியான சான்றுத் தொடர் இல்லை. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்கள் உறவாகிவிடா.

அதனால் நமக்கு இழப்பேதும் இல்லை. ஸக்கின் பெருமை ஸக்குக்கே உண்டு. செக்கின் வரலாற்றிலும் பாரசீகமும் அரபு மக்களும் சான்றோடு இடம்பெற்றிருக்கின்றனர். ஐயத்துக்குரிய ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் மெய்யையும் ஐயுறுவர். பிள்ளைகளுக்கு நம் பெருமைகளைச் சொல்லுங்கள். சொல்லுமுன் ஒருமுறை 'செக்' செய்துகொள்ளுங்கள்!