காசிலும் நாணயம், சொல்லிலும் நாணயம்



நம் மொழியில் காசுக்கும் நாணயம் என்று பெயர்; சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். பழைய வெள்ளி ரூபாய் விஷயத்தில் நம்மவர்கள் இந்த இரண்டிலும் தடுக்கி விழுவதைச் சில காலமாகப் பார்த்து வருகிறோம். நாமே ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள் என்பதால் இதை எழுத நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நம்மில் பலருடைய கல்லாப் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் ஒன்று தகப்பனார் காலத்திலிருந்து கிடக்கும். புதுக்கணக்கு அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டுப் பூஜையில் வைப்போம். அந்த ஐதீகத்தினால் இதற்கு எப்போதும் ஒரு கிராக்கி. 2025ஆம் ஆண்டில் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போன பிறகு கிராக்கி இன்னும் ஏறியிருக்கிறது. கிராக்கி உள்ள இடத்தில் போலியும் வரும். திருவிழாக் கடைகளிலும் நடைபாதையிலும் வார்ப்புக் காசுகள் கூடை கூடையாகக் கிடைக்கின்றன.

நமக்கு நடந்ததைச் சொல்கிறோம். பல ஆண்டுகளாக நம்மிடம் பருப்பும் சர்க்கரையும் எடுத்துவந்த கிராமத்துக் கடைக்காரர் ஒருவர். கணக்கு நேர்மையானவர். வீட்டில் நோய் வந்து பாக்கி நின்றுவிட்டது. ஒருநாள் மஞ்சள் பையில் இருபத்திரண்டு வெள்ளி ரூபாய் கொண்டுவந்து, "அண்ணாச்சி, அம்மாவோட காசு மாலையில இருந்தது. இதை எடுத்துக்கிட்டுக் கணக்கை நேர் பண்ணுங்க" என்றார். நாம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விளிம்பில் ஒரு தழும்பு. முகத்தில் அழுக்கேறிய பள்ளங்கள். தட்டினால் ஓசை மந்தம். "இது வார்ப்புக் காசு, யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் பையைக் கட்டிக்கொண்டு போனார்.

பதினைந்து நாளில் பணமாகவே கொண்டுவந்து கட்டினார். பத்தர் ஒருவர் அத்தனையையும் நல்ல வெள்ளி என்று சோதித்து எடுத்துக்கொண்டாராம். விளிம்பில் இருந்த தழும்பு, மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த இடம். பற்றவைத்த ஈயமும் அழுக்கும்தான் ஓசையைக் கெடுத்தன. பாக்கி தீர்ந்தது, ஆனால் அதன் பிறகு அவர் நம் கடைப்படி ஏறவில்லை. வார்ப்புக் காசை நல்லதென்று வாங்கியிருந்தால் பணம்தான் நஷ்டம். நல்ல காசை வார்ப்பு என்று சொன்னதில் ஒரு மனிதரை இழந்தோம்.

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது இதற்கென்றே சொன்ன பழமொழி போலிருக்கிறது. விசாரிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் எடை. 1835 முதல் கம்பெனி காலத்திலும், பிறகு விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் அடித்த ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு காசில் சுமார் 10.69 கிராம். கை மாறித் தேய்ந்த காசு சிறிது குறையும், அது குற்றமல்ல. தேயாமல் எழுத்தெல்லாம் முழுசாக இருந்தும் எடை குறைந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

1940 முதல் 1945 வரை ஆறாம் ஜார்ஜ் தலையோடு வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். எடை அதே எடை என்பதால் ஏமாறுகிறவர்கள் உண்டு. அது போலியல்ல, சர்க்கார் அடித்ததே; ஆனால் முழு வெள்ளி விலை கொடுக்கக் கூடாது. கள்ளக் காசைத் தடுக்கவென்றே அவற்றில் விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் ஓட்டினார்கள். அதை வார்ப்பின் ஒட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து முகம். நல்ல காசு அச்சில் அடித்தது. வார்ப்புக் காசு உருக்கி ஊற்றியது. ஊற்றும்போது காற்றுக் குமிழ் நின்று ஊசிமுனைத் துளைகள் விழும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் மெழுகு உருகினாற்போல் தெரியும். தேய்ந்த நல்ல காசில் மேடுதான் மழுங்கும். எழுத்தின் அடிவாரம் கூர்மையாகவே நிற்கும். வார்ப்பில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கியிருக்கும். விளிம்புக் கோடுகளைச் சுற்றிப் பாருங்கள்: குறுக்கே அரம் போட்ட தடம் இருந்தால் அச்சின் ஒட்டை மறைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், அத்தனையும் ஒரே அச்சில் ஊற்றியவை.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. நகைக்கடைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக விடுங்கள். 11.66 கிராம் உள்ள முழு வெள்ளி ரூபாய்க்குச் சுமார் 1.13 கிராம் காட்டும். பாதி வெள்ளிக் காசு 1.2க்கு மேல் காட்டும். ஜெர்மன் சில்வர் 1.3க்கு மேல் போகும். காசுக்குச் சேதமில்லை, செலவுமில்லை. அன்று நாம் இதைச் செய்திருந்தால் அந்த நண்பர் இன்றும் நம் கடைக்கு வந்துகொண்டிருப்பார்.

காந்தம் ஒட்டினால் வெள்ளியல்ல; ஒட்டாததனால் மட்டும் வெள்ளி என்றும் ஆகாது. காரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் பார்க்கும். கனமான முலாம் அதை ஏய்த்துவிடும். இன்னொன்று, நல்ல வெள்ளியையே உருக்கி வார்த்த காசும் உண்டு. அபூர்வமான ஆண்டுக் காசு என்று பெரிய விலை சொல்லும்போது இது முக்கியம். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ராஜாவின் ஆபரணத்திலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறதென்று ஆட்சேபம் எழுந்து, சர்க்கார் அதைத் திரும்பப் பெற்று மறு ஆண்டு திருத்தி அடித்தது. அதற்கும், 1939ஆம் ஆண்டு ரூபாய்க்கும் சேகரிப்பவர்களிடம் பெரும் விலை. அதனாலேயே அவற்றில் போலியும் அதிகம். இங்கே வெள்ளி நல்லதா என்பது போதாது. அச்சு நல்லதா என்பதே கேள்வி.

"நாம் மளிகைக்காரர்கள், இந்த வம்பே வேண்டாம்" என்பார்கள் சிலர். தொழிலாகச் செய்ய வேண்டாம் என்றுதான் நாமும் சொல்கிறோம். நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை விற்பனைத் தொழிலாகச் செய்ய முடியாது. ஆனால் பாக்கிக்கு ஈடாகவும், பூஜைக்கும், அன்பளிப்பாகவும் காசு நம் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். வரும்போது தெரிந்திருக்க வேண்டாமா?

நமது யோசனை மூன்று. சங்கக் கட்டடத்தில் ஒரு நகைத் தராசும் பூதக்கண்ணாடியும் வாங்கி வைத்து, உறுப்பினர் எவரும் வந்து பார்க்க வழி செய்யலாம். பூஜைக்கென வார்ப்புக் காசு விற்பவர்கள் பில்லில் "மாதிரிக் காசு" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, சோதிக்காமல் யாருடைய காசையும் போலி என்று வாயால் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால், "தராசில் பார்த்துச் சொல்கிறேன்" என்றால் போதும்.

காசு பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சங்க காலத்திலேயே காசு நோட்டம் பார்ப்பவரை வண்ணக்கர் என்றார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய புலவர்களும் உண்டு. அவ்வளவு மதிப்பான வேலையை அன்று நாம் அவசரத்தில் செய்தோம். அந்த நண்பரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டோம். சிரித்தார், காபியும் கொடுத்தார். கொள்முதலை மட்டும் இன்னும் வேறு கடையில்தான் செய்கிறார்.