இடம் கிடைத்தது, பணம் யார் தருவது?



சென்ற மாதம் மஃரிபு தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். "ஹஜ்ரத்! அல்லாஹ்வின் கிருபையால் மகளுக்கு இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டது. கடன் வாங்கி வட்டி கட்ட மனம் ஒப்பவில்லை. வீட்டை விற்றுவிடவா?" என்றார்.

வட்டிக்கு அஞ்சிய அவருடைய பேணுதல் என் நெஞ்சைத் தொட்டது. கடிதத்தைப் படித்தேன். இடம் தந்திருந்தார்கள்; ஆண்டுக் கட்டணமும் குறித்திருந்தார்கள். உதவித்தொகை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம்மவர் பலர் இடறுவது இங்கேதான். இங்கிலாந்தில் இடம் தருவது வேறு, பணம் தருவது வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேட்ஸ் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே அதையும் கேட்டாக வேண்டும். இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும்.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர் பலருக்குக் கட்டணம் தள்ளுபடியாகிறது. கீழ்வகுப்புகளுக்குக் கற்பிக்க உதவுவதற்கோ ஆய்வில் துணைநிற்பதற்கோ ஊதியமும் கிடைக்கிறது. இது தருமமன்று, உழைப்பின் கூலி. ஆயினும் கடிதத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். உதவி எத்தனை ஆண்டுகளுக்கு? ஒன்பது மாதங்களுக்கா, கோடைக்கும் சேர்த்தா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது? கடிதத்தில் இல்லாததைத் துறைக்கு எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. உதவித்தொகையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்ய ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதாக அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டுள்ளன. ஆகவே அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டியதில்லை. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் டிசம்பரிலேயே முடிந்துவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணமே இல்லை. அங்கு ஆய்வாளர் பலர் ஒப்பந்த ஊழியராகச் சம்பளம் பெறுகின்றனர்.

மகளை அழைத்துவரச் சொல்லி, என் எதிரிலேயே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுத வைத்தேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது: இவ்வாண்டு உதவித்தொகை இல்லை, விரும்பினால் இடத்தை ஓராண்டு தள்ளிவைத்து, உரிய காலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பெரியவருக்குச் சற்று ஏமாற்றந்தான். மகளோ அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் பத்திரம் மீண்டும் பீரோவுக்குள் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்!