முகம் பிடிக்கும் வித்தை

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர். அங்கே சமணர் குகைக் கோயிலின் தூண் ஒன்றில் ஒரு ராஜாவும் ராணியும் இருக்கிறார்கள். வர்ணம் மங்கிவிட்டது. ஆனாலும் கிரீடமும் சற்றே திரும்பிய முகமும் தெரிகின்றன. யார் அந்த ராஜா? மகேந்திர பல்லவன் என்றார்கள் முதலில். பிறகு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டைக் கொண்டு, "அல்ல, அல்ல! 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்" என்றார்கள் அறிஞர்கள். வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஆயிரம் வருஷத்துக்கு மேல் முகம் நிலைத்துவிட்டது. பக்கத்தில் பெயர் எழுதி வைக்காததால் ஆள் யாரென்று வாதம் நடந்தது!

ராஜா பாடே இப்படியென்றால் நம் வீட்டு அப்பத்தா பாடு என்ன? அவர் காலமான அன்றைக்கு, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று பெட்டி பெட்டியாகக் குடைவார்கள். கடைசியில் ஆதார் அட்டையிலிருக்கும் தபால் தலையளவுப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வருவார்கள். அதில் இருப்பது அப்பத்தாதானா என்று பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிடும். இத்தனைக்கும் பேரன் கைப்பேசியில் நாலாயிரம் படம் இருக்கும். மூவாயிரம் அவன் முகம், மிச்சம் பிரியாணி!

காமிரா புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சியோடு புதுக்கோட்டையையும் படம் பிடித்து, 1858-லேயே தொகுதிகளாக வெளியிட்டார். பெரிய பெட்டிக் காமிரா. மெழுகு தோய்த்த காகித நெகடிவ். அந்த நாளில் வெளிச்சம் பதிய வெகு நேரமாகும். அசையாத கோயிலும் கோட்டையும் தெளிவாக விழும். அசைந்த மனிதர்கள் புகையாகிவிடுவார்கள். இன்று கண் இமைப்பதற்குள் படம் விழுந்துவிடுகிறது. ஆனால் நாம் மட்டும் காமிராவைக் கண்டதும் இன்னும் கம்பமாய் விறைத்துத்தானே நிற்கிறோம்?

சரி, கற்றுக்கொள்ள முதலில் யாரைப் பிடிப்பது? உங்களையேதான்! அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ராபர்ட் கொர்னீலியஸ் 1839-ல் அதைத்தான் செய்தார். கலைந்த தலை, கட்டிய கை, நடுவை விட்டு ஒதுங்கிய உருவம். எந்தக் கத்துக்குட்டியின் படத்திலும் உள்ள குறைகள்தான். ஆனால் மனிதன் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட போட்டோக்களில் மிகப் பழமையானவற்றுள் அது ஒன்று.

கைப்பேசியை ஜன்னலோரம் எதன் மேலாவது சாய்த்து வையுங்கள். பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும் வசதி அதில் உண்டு. ஜன்னலைப் பார்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒன்று என எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் முகத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பது பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும்.

கையை நீட்டி எடுத்தால் மூக்கு பருத்துத் தெரிகிறதே என்று வருந்த வேண்டாம். குற்றம் மூக்கினுடையதல்ல, தூரத்தினுடையது. கை தூரத்தில் காதைவிட மூக்கு காமிராவுக்கு மிகவும் நெருக்கம். அதனால் பெரிதாக விழுகிறது. ஐந்தாறு அடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் அடிபட்டுப் போகும். "படத்தில் நான் வேறு மாதிரி இருக்கிறேனே!" என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. நீங்கள் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகம். ஊரார் பார்க்கும் முகத்தைப் படம்தான் உங்களுக்குக் காட்டுகிறது!

பிறரால் பார்க்கப்படுவது எவ்வளவு கூச்சமான காரியம் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? இனி அப்பத்தாவிடம் போகலாம். "போட்டோ எடுத்தால் ஆயுசு குறைஞ்சு போகும்டா" என்பார். உங்கள் படங்களைக் காட்டுங்கள். "இத்தனை எடுத்தும் கல்லுக்குண்டாட்டம் இருக்கியே!" என்று அவரே சமாதானமாகிவிடலாம். ஆகாவிட்டால், வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். இன்னொரு நாள் கேட்கலாம்.

காலை நேரத்தில் அவரைத் திண்ணையில் உட்கார வையுங்கள். தலைக்கு மேலே கூரை. தெருப்பக்கமிருந்து மெத்தென்ற வெளிச்சம். இதைவிட நல்ல ஸ்டூடியோ ஏது? உச்சி வெயில் மட்டும் உதவாது. கண் இருக்குமிடத்தில் இரண்டு குழிதான் விழும். பின்னாலுள்ள துணிக்கொடியையும் விளக்குமாற்றையும் அப்புறப்படுத்துங்கள். நின்றபடி எடுக்காமல், அவர் கண் மட்டத்துக்கு நீங்களும் உட்காருங்கள்.

சிற்பி சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். போட்டோ எடுப்பவருக்கோ கண்தான் ஆரம்பம். திரையில் அவர் கண்ணின் மேல் விரலை வைத்தால் அங்கே தெளிவு நிற்கும். கண் துலங்கினால் மற்றது கொஞ்சம் மங்கினாலும் பாதகமில்லை.

"சிரிங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாயை இறுக மூடிக்கொள்வார். வெற்றிலைப் பெட்டியைக் கையில் கொடுத்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த கதையைக் கேளுங்கள். சொல்லி முடித்து ஒரு கணம் சும்மா இருப்பார் பாருங்கள், அந்த முகம்தான் உங்களுக்கு வேண்டிய முகம்.

எடுத்தாயிற்றா? கைப்பேசியோடு விட்டுவிடாதீர்கள். அது தண்ணீரில் விழுந்தால் அப்பத்தாவும் கூடவே போய்விடுவார். காகிதத்தில் ஒரு பிரதி போட்டு, பின்புறம் அவர் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் எழுதி வையுங்கள். கொர்னீலியஸ்கூடத் தம் படத்தின் பின்னால் வருஷத்தைக் குறித்து வைத்தார். சித்தன்னவாசல் ராஜாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு வரி, உங்கள் வீட்டு அப்பத்தாவுக்காவது கிடைக்கட்டுமே!